பக்கத்து வீட்டு எண்

1980-களில் சென்னை அசோக் நகரில் குடியிருந்தவர்களின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘பி.பி.’ என்று போட்டிருக்கும். அந்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. தொலைபேசிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1991-ல்கூட இந்தியா முழுவதற்கும் இருந்தவை சுமார் 50 லட்சம் இணைப்புகள். நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. இன்று 110 கோடிக்கு மேல்.

தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் அந்தக் கறுப்புக் கருவி இருக்கும். முன்னறையில் சின்ன மேசை, அதன்மேல் பின்னல் துணி, எண் சுழற்றும் வட்டில் ஒரு குட்டிப் பூட்டு. மணி அடித்தால் அந்த வீட்டு மாமி எடுத்து, “கொஞ்சம் லைன்ல இருங்க” என்று ரிசீவரைக் கீழே வைப்பார். மதில்சுவர் ஓரம் வந்து, “அக்கா, உங்களுக்கு பம்பாய்லேர்ந்து போன்!” என்று குரல் கொடுப்பார். அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்தவர், பேசி முடித்த கையோடு கிளம்பிவிட முடியாது. யார், என்ன விஷயம் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை கிடைத்ததும், ஊரில் அப்பா படுத்துக்கொண்டதும் அந்த வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். சாவுச் செய்தி என்றால் மாமியே நேரில் போவார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகே சொல்வார்.

அந்த ஏற்பாட்டில் வலியும் இருந்தது. புகுந்த வீட்டில் படும் பாட்டைப் பக்கத்து வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு ஒரு பெண் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். இன்று கதவைச் சாத்திக்கொண்டு மனம்விட்டுப் பேசலாம். ஏர்மெயில் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த பாட்டி, டல்லாஸில் பேரன் முதல் அடி வைப்பதை இங்கிருந்தே பார்க்கிறாள். பழைய காலத்தை மெச்சும்போது இவற்றைக் குறைத்துப் பேசக் கூடாது.

தெருவும் மாறிவிட்டது. தனி வீடுகள் இருந்த மனைகளில் இன்று அடுக்ககங்கள். கீழே கார்கள், வாசலில் காவலாளி, மேலே கேமரா. அன்று விடியற்காலையில் ஆவின் பால் பூத்தில் கார்டோடு நின்றவர்களுக்கு யார் வரவில்லை என்பது தெரியும். இரண்டு நாள் தலை காட்டாவிட்டால் விசாரிப்பார்கள். இன்று செயலியில் சொன்னால் சில நிமிடங்களில் பால் வருகிறது. பை கதவுப் பிடியில் தொங்குகிறது, கொண்டுவந்தவர் அதற்குள் படியிறங்கிவிடுகிறார். அசோக் தூணுக்கு அருகே 1983-ல் திறந்த உதயம் திரையரங்க வளாகமும் 2024-ல் மூடப்பட்டது. தெருவே சேர்ந்து படம் பார்க்கப் போன இடம் அது. இப்போது ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு திரை.

இதற்கெல்லாம் கைப்பேசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அண்டை வீட்டுக்கு நம்மை அனுப்பியது பாதி அன்பு என்றால், பாதி தேவை. தேவை தீர்ந்த பிறகும் அன்பு தானாகவே அண்டை வீட்டுக்கு நடந்து போகும் என்று நம்பிவிட்டோம். அது போகவில்லை. தினமும் காலையில் அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்துவிடும் டல்லாஸ் மகன், ஒருநாள் அவர் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவான்? எதிர் வீட்டுக்காரரின் எண் அவனிடம் இல்லை. பல வீடுகளில் அம்மாவிடமே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாகவும், அதன் தொடர்பில் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் உயிர்கள் போவதாகவும் கணக்கிடுகிறது. நம் மாநிலத்தில் முதியோர் பங்கு நாட்டின் சராசரியைவிட அதிகம். அவர்களுக்காக 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. ஆறுதலும் வழிகாட்டலும் கிடைக்கும். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு முதலில் வேண்டியது கதவைத் தட்ட ஓர் ஆள். உங்கள் மாடியில் தனியாக இருக்கும் பெரியவரின் எண்ணை இன்று மாலையே கேட்டு வாங்குங்கள். உங்கள் எண்ணை அவருக்கும், வெளியூரில் இருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.