சாம்பல் பட்டை

தம்பி, உன் வரைபடத்தில் கோட்டைச் சுற்றி ஒரு சாம்பல் பட்டை ஓடுகிறதே, அது என்ன என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வாய்? "ஆர் மென்பொருள் தானாகப் போட்டது சார்" என்றா? டீயைக் குடி. பலேர்மோ வரை போய்வரலாம்.

சிசிலியின் பலேர்மோவில், நார்மன் அரண்மனை உச்சியில் ஒரு வானாய்வகம். 1801 ஜனவரி 1 இரவு, பியாட்சி என்ற பாதிரியார் ராம்ஸ்டன் செய்த ஐந்தடி வட்டக் கருவியில் நட்சத்திர இடங்களை அளந்துகொண்டிருந்தார். அளந்ததில் ஒன்று மறுநாள் நகர்ந்திருந்தது. அதுதான் சீரிஸ் என்ற குறுங்கோள். பிப்ரவரி 11 வரை விடாமல் பார்த்தார். பிறகு உடம்பு முடியவில்லை. சீரிஸும் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. கையில் மிஞ்சியது வானில் சுமார் மூன்று பாகைத் துண்டு. இதை வைத்து வருடக் கடைசியில் எங்கே தேடுவது?

முதலில் சின்னக் கணக்கு. ஒரே நட்சத்திரத்தை 16 முறை அளந்தாய், திட்ட விலக்கம் 4 வில்விநாடி என்று வை. 16-ன் வர்க்கமூலம் 4. வகுத்தால் திட்டப் பிழை 1. மாதிரி சிறியது, அதனால் 1.96 போதாது, டி அட்டவணையில் இதற்குரிய எண் 2.13. சராசரிக்கு இருபுறமும் 2.13, அதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. ஆரில் டி.டெஸ்ட் ஒரே வரியில் இதைத் தரும்.

95 என்பதை மட்டும் தப்பாகச் சொல்லிவிடாதே. 1937-ல் புள்ளியியலாளர் நெய்மன் சொன்னது இது: இப்படியே மறுபடி மறுபடி அளந்து இடைவெளி போட்டால், நூற்றில் சுமார் 95 உண்மையான மதிப்பைப் பிடிக்கும். உன் கையில் இருக்கும் ஒன்று பிடித்ததா, தவறியதா என்று அது சொல்லாது.

வரையும்போது இன்னொரு வம்பு. இதே அளவுகளுக்குப் பிழைக் கோட்டை 4 நீளத்திலும் போடலாம், 1-லும் போடலாம், 2.13-லும் போடலாம். மூன்றையும் அச்சில் பார்த்திருக்கிறேன், எது என்ற குறிப்பே இல்லாமல்! படத்தடியில் எழுதிவிடு.

இப்போது உன் சாம்பல் பட்டை. கோட்டின் ஒவ்வொரு இடத்திலும் போட்ட நம்பிக்கை இடைவெளிதான் அது. தரவின் நடுவில் ஒல்லி, ஓரங்களில் அகலம். தரவைத் தாண்டினால் இன்னும் விரியும். இந்தப் பட்டையும் சராசரிக் கோட்டுக்குத்தான். அடுத்து வரும் ஒற்றைப் புள்ளிக்கு வேண்டுமானால் ஆரின் பிரெடிக்டில் 'பிரெடிக்‌ஷன்' என்று கேள், பட்டை நன்றாகவே தடிக்கும்.

இதெல்லாம் கோட்டின் வடிவம் சரி என்றால்தான். சீரிஸின் பாதை வட்டம் என்று வைத்தவர்கள் வானில் வேறு இடத்தைக் காட்டினார்கள். 24 வயதுக் கணிதர் காஸ் நீள்வட்டம் போட்டார். டிசம்பர் 31 இரவு, அவர் காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வானியலாளர் சாக் அதைக் கண்டுபிடித்தார். வட்டக்காரர்கள் எவ்வளவு கவனமாகப் பட்டை வரைந்திருந்தாலும் சீரிஸ் அதற்கு வெளியில்தான் இருந்திருக்கும்.

நேர்கோடு என்று ஆருக்குச் சொன்னது நீதானே? எச்சங்களை, அதாவது புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை, தனியாக வரைந்து பார். அவை வில்லாக வளைந்தால், பட்டையை விட்டுவிட்டு முதலில் கோட்டை மாற்று.