திருட்டுப் பிரதி: சட்டத்தின் கண்ணில் படாத திரைத் தொழிலாளர்கள்

கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில், கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைவீதி, தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் இடம். சென்னையில் திரைக்கு வரும் பெரிய தமிழ்ப் படங்கள் அதே நாளில் இந்நகரிலும் வெளியாகின்றன. திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்கும் இது வசதியாகிவிட்டது.

சாலையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தம்பானூரில், 2024 ஜூலை இறுதியில், தனுஷ் இயக்கி நடித்த 'ராயன்' படத்தைத் திரையரங்கில் அமர்ந்து கைப்பேசியில் பதிவு செய்த மதுரைக்காரர் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். பிடித்தவர்கள் உள்ளூர் போலீஸார் அல்லர். கொச்சி சைபர் போலீஸார். அவ்வாண்டு மே மாதம் வெளியான 'குருவாயூர் அம்பலநடையில்' என்ற மலையாளப் படம் இணையத்தில் கசிந்தது பற்றித் தயாரிப்பாளர் தரப்பு அளித்த புகாரே அவர்களை இங்கு வரவழைத்தது. அடுத்த சில மாதங்களில், 'ஏ.ஆர்.எம்.' என்ற மலையாளப் படத்தைக் கோவைத் திரையரங்கில் பதிவு செய்ததாகத் தமிழகத்தைச் சேர்ந்த இருவரை இதே போலீஸார் பெங்களூரில் கைது செய்தனர்.

திருட்டு எப்போதும் திரையரங்கில்தான் தொடங்குகிறது என்பதற்கில்லை. 2015-ல் கசிந்த 'பிரேமம்' பிரதி, தணிக்கைக்காக அளிக்கப்பட்டது. அந்த வழக்கில் திருவனந்தபுரம் தணிக்கை அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கள் கைதாயினர்.

தில்லி வாளாவிருந்தது என்று கூற முடியாது. முடக்கப்பட்ட இணையதளம் வேறு முகவரியில் தலைதூக்கினால், புதிய வழக்கின்றியே அதையும் முடக்க தில்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழிவகுத்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின் கீழான குற்றம் ஜாமீனில் விட இயலாதது என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருட்டால் திரைத் துறைக்கு ஆண்டுதோறும் ரூ.20,000 கோடி இழப்பு என்று கூறிய மத்திய அரசு, 2023-ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியது. 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் ரூ.3 லட்சத்திலிருந்து படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. புகார் பெறும் அதிகாரிகளும் நியமிக்கப்பட்டனர். 48 மணி நேரத்தில் நடவடிக்கை என்று அறிவிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு 48 மணி நேரம் என்பது ஞாயிற்றுக்கிழமை. வசூலின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும்.

இழப்பைத் தயாரிப்புச் செலவைக் கொண்டு அளக்கும் இச்சட்டத்தில், தொழிலாளி எங்கும் தென்படவில்லை. விளக்கு தூக்குபவர், அரங்கம் அமைக்கும் தச்சர், ஒப்பனை உதவியாளர் ஆகியோருக்குப் படப்பிடிப்பு நடந்தால்தான் கூலி. வெளியான படத்துக்கான கூலியை அவர்கள் முன்பே பெற்றிருக்கக்கூடும். அடி விழுவது, பணம் முடங்கிய தயாரிப்பாளர் தொடங்காமல் விட்டுவிடும் அடுத்த படத்தில். அந்த இழப்பைக் காட்டிப் புகார் கொடுக்க எந்தக் காவல் நிலையத்திலும் வழியில்லை.

இவர்களுக்காகவே 1981-ல் நாடாளுமன்றம் திரைத் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தை இயற்றியது. கதைப் படங்களின் மீது தீர்வை விதித்தது. மருத்துவ உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் அந்த நிதியை நம்பியிருந்தன. தீர்வை பின்னர் கைவிடப்பட்டது. திருட்டுப் பிரதி எடுத்தவரிடம் வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்கையேனும் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க 2023 திருத்தத்தில் இடம் அளிக்கப்படவில்லை.