கொக்கைன் அடைக்கும் அதே புரதத்தை அடைக்கும் மாத்திரை ஏன் போதை தருவதில்லை?

நரம்பணு வெளியிட்ட டோபமைனை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள அதன் சவ்விலேயே ஒரு புரதம் இருக்கிறது. கொக்கைன் அதை அடைத்துவிடும். வெளியே டோபமைன் தேங்கி, அடுத்த நரம்பணுவை விடாமல் தூண்டும். ஆம்ஃபெட்டமைன் அந்தப் புரதத்தையே திசை மாற்றி, டோபமைனை வெளியே தள்ள வைக்கிறது.

கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குத் தரும் மீத்தைல்ஃபெனிடேட்டும் அடைப்பது இதே புரதத்தைத்தான். இதைக் கேட்டுப் பெற்றோர் பதறுவது நியாயம்தான். ஆனால் வேகத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் எடுத்த மூளைப் படங்கள் காட்டின. புகைத்த கொக்கைன் சில நொடிகளில் மூளையை எட்டிவிடும். விழுங்கிய மாத்திரை உச்சத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். டோபமைன் மெல்ல ஏறும்போது கிறக்கம் வருவதில்லை. மாத்திரையைப் பொடித்து மூக்கில் உறிஞ்சுகிறவர்கள் குலைப்பது இந்த நிதானத்தைத்தான்.