பன்னிரண்டாம் வகுப்பில் சட்டம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பள்ளிப் படிப்பின் இறுதியாண்டாகிய பன்னிரண்டாம் வகுப்பை எட்டும் மாணாக்கர், ரசாயனத்தையும் சரித்திரத்தையும் தேர்ந்தெடுப்பது போலவே, 'லீகல் ஸ்டடீஸ்' என்று வழங்கும் சட்டவியலையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். வக்கீல் தொழிலை நாடுகிறவர்களுக்கே இது உரியது என்ற அபிப்பிராயம் பெற்றோர் சிலரிடம் உண்டு. ஆயினும், அங்குள்ள சட்டப் பட்டப்படிப்புகளில் சேர்வதற்கு இப்பாடத்தைப் பயின்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை.

இதன் பிரயோஜனம் வேறிடத்தில் இருக்கிறது. மத்தியப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது 1924-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் கட்டாயக் கடமை. பதினெட்டு வயது நிரம்பியவுடன் அக்கடமை இன்றைய இளைஞரை வந்தடைகிறது. விக்டோரியாவில் ஜூரிகளும் வாக்காளர் பட்டியலிலிருந்தே குலுக்கல் முறையில் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். ஆகவே, இவ்வாண்டு வகுப்பறையில் ஜூரி முறையின் குணதோஷங்களை ஆராய்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பெண், மறு ஆண்டே, முன்பின் அறியாத ஒருவர் குற்றவாளியா அல்லரா என்று தீர்மானிக்கும் பன்னிருவருள் ஒருத்தியாக அமர நேரிடலாம். இத்தகைய பொறுப்பு எல்லோருக்கும் பொதுவாயிருக்க, அதற்கு ஆயத்தம் செய்யும் பாடம் மட்டும் சிலருடைய விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது குறையென்றே எனக்குத் தோன்றுகிறது.

நேர்மை, சமத்துவம், நீதிமன்றத்தை அணுகும் வாய்ப்பு ஆகிய மூன்று தத்துவங்களே இப்பாடத்தின் அஸ்திவாரம். ஆங்கிலம் சரளமாக அறியாத ஒரு தொழிலாளி, கடையில் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வக்கீலை அமர்த்தப் பணமுமின்றி மாஜிஸ்திரேட் முன் நிற்கிறார் என்று கேள்வித்தாள் ஒரு கற்பனை வழக்கை விவரிப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றவர்களை விசாரிப்பது போலவே அவரையும் விசாரித்தால் சமத்துவம் நிறைவேறிவிடும் என்று எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கிட்டாது. ஏனெனில், ஒரேவிதமாக நடத்துவதே ஒருவரைப் பின்தள்ளுமாயின், மொழிபெயர்ப்பாளரைத் தருவது போன்ற ஏற்பாட்டினால் அக்குறையை ஈடுசெய்வதும் சமத்துவத்தின் அங்கம் என்பதே பாடத்திட்டத்தின் கொள்கை. இரண்டு மணி நேரத்தில், எண்பது மதிப்பெண்களுக்கு நடக்கும் ஆண்டிறுதிப் பரீட்சை, சட்டப் பிரிவுகளின் எண்களை ஒப்பிக்கச் சொல்வதைக் காட்டிலும், "விளக்குக", "வேறுபடுத்துக", "மதிப்பிடுக" என்ற ஏவல்களுக்கிடையே உள்ள பேதத்தை உணர்ந்து எழுதுகிறவரையே உயர்த்துகிறது.

ஏழைக்கு வக்கீல் என்ற விஷயம் வரும்போது ஆசிரியர்கள் டீட்ரிச் வழக்கைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஹெராயின் கடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓலாஃப் டீட்ரிச், விக்டோரியாவின் கவுண்டி நீதிமன்றத்தில் வக்கீலின்றித் தாமே வாதாடித் தண்டனை பெற்றார். அவர் மேல்முறையிட்டபோது, அரசாங்கச் செலவில் வக்கீலைப் பெறும் உரிமை எவருக்கும் உண்டென்று, அந்நாட்டின் தலைமை மன்றமாகிய உயர் நீதிமன்றம் 1992-இல் கூறிவிடவில்லை. பெருங்குற்ற வழக்கில், தம் குற்றமின்றியே வக்கீலற்று நிற்கும் ஏழை ஒருவருக்கு நேர்மையான விசாரணை கிட்டாதென்றால், அவ்விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும் என்றே அது தீர்ப்பளித்தது. இவ்விரண்டுக்கும் உள்ள நுண்ணிய பேதத்தைப் பதினேழு வயதில் பிடித்துக்கொள்ளும் மாணவருக்கு, பிற்காலத்தில் எந்தச் சட்டச் செய்தியைப் படித்தாலும் அந்தக் கூர்மை துணைநிற்கும்.

பாடத்தின் பிற்பகுதி அரசியலமைப்பைப் பற்றியது. அரசியலமைப்பைத் திருத்த, 128-ஆம் பிரிவின்படி தேசம் முழுவதிலும் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களில் நான்கிலேனும் பெரும்பான்மையும் வேண்டும்; இதுவரை மக்கள் முன் வைக்கப்பட்ட 45 பிரேரணைகளில் எட்டே நிறைவேறின. ஆதிகுடி மக்களைப் பற்றிய 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. அவர்களுக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கக் கோரிய 2023-ஆம் ஆண்டுப் பிரேரணையோ ஆறு மாநிலங்களிலும் தோற்றது.

ஆயினும் இப்பகுதியில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ரோச் வழக்கு. சிறைத் தண்டனை அனுபவிக்கும் எவரும் வாக்களிக்கலாகாது என்று பாராளுமன்றம் 2006-இல் சட்டம் இயற்றியபோது, விக்டோரியாவில் ஆறாண்டுத் தண்டனையில் இருந்த விக்கி ரோச் என்னும் ஆதிகுடிப் பெண்மணி அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடினார். பாராளுமன்ற அங்கத்தினர்களை மக்களே நேரடியாகத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 7, 24 ஆகிய பிரிவுகள் விதிப்பதால், தக்க காரணமின்றி எவரையும் அந்த 'மக்கள்' என்னும் வட்டத்துக்கு வெளியே தள்ள முடியாது என்று, 2007-இல் அறுவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். முழுத்தடை செல்லாதென்றாயிற்று; மூன்றாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களை மட்டும் தடுக்கும் பழைய விதி மீண்டும் உயிர்பெற்றது. வழக்கைத் தொடுத்த அப்பெண்மணியின் தண்டனை ஆறாண்டாகையால், அவர் வாக்களிக்க இயலாதவராகவே நின்றார். பிறர் உரிமையை மீட்டு, தாம் அதைப் பெறாத அவர் நிலையை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது; நீதிமன்றம் ஜனப் பிரதிநிதித்துவத்தை எவ்வளவு தூரம் காப்பாற்ற வல்லது என்ற வினாவுக்கு இவ்வழக்கை இருபக்கத்துக்கும் உதாரணமாகக் காட்டலாம் என்பதும் அதனாலேயே.

புத்தகத்தோடு நின்றுவிடாமல், ஆசிரியர்கள் மாணவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வதும் வழக்கமாயிருக்கிறது. மெல்பர்ன் நகரின் வில்லியம் தெருவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், கவுண்டி நீதிமன்றமும், மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டும் அருகருகே அமைந்திருக்கின்றன. விசாரணைகளில் பெரும்பாலானவை பொதுமக்களுக்குத் திறந்தவை. பின்வரிசையில் அமர்ந்து கேட்கக் கட்டணமும் இல்லை. இப்பாடத்தை எடுக்காத பிள்ளைகளையும் பெற்றோர் ஒரு நாள் காலையில் அங்கே அழைத்துச் செல்லலாம்.