ஹெட்செட் ஓட்டை இருக்கா?

திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் புதுப் போன் வாங்க வருகிறவர் விலையைக் கேட்பார், கேமராவைச் சோதிப்பார், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பார். எல்லாம் முடிந்தபின் போனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹெட்செட் ஓட்டை இருக்காண்ணே?" என்பார். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள போன்கள் பலவற்றில் அது இருக்காது. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் பட்டன் போனில் இருக்கிறது. விலை ஏற ஏற ஒரு வசதி குறைந்துகொண்டே போவது கைப்பேசி உலகின் விசித்திரங்களில் ஒன்று.

ஒயர் ஹெட்செட்டை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்? நத்தத்தில் இதற்குப் பதில் தேட அதிக தூரம் போக வேண்டாம். ரெடிமேட் சட்டை தைப்பதற்குப் பேர்போன ஊர் இது. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவது என்கிற வேலைக்குப் பாட்டுத் துணை வேண்டும். ஒயர் இல்லாத இயர்பட்ஸை ஒரு முறை சார்ஜ் செய்தால் பெரும்பாலும் சில மணி நேரம். பிறகு டப்பாவில் போட்டுக் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, காதிலிருந்து நழுவி துணிக் குவியலுக்குள் விழுந்துவிட்டால் அதைத் தேடி எடுப்பதற்குள் நாலு சட்டைக்குக் காலர் வைத்துவிடலாம். ஒயருக்கு பேட்டரியும் இல்லை, தொலைந்துபோகும் பழக்கமும் இல்லை.

அந்த ஓட்டைக்கு வயது அதிகம். 1870களின் கடைசியில் அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகங்கள் தோன்றியபோது, ஒரு வீட்டு இணைப்பை இன்னொரு வீட்டோடு சேர்க்கப் பலகை நிறைய துளைகளும், அவற்றில் சொருகக் கயிறு போன்ற ஒயர்களும் வைத்தார்கள். டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நம் முந்தைய தலைமுறையின் குரல்களும் இப்படிப்பட்ட துளைகள் வழியாகத்தான் ஊர்விட்டு ஊர் போயின. அந்த ஒயர் முனையில் இருந்த பின்னின் தடிமன் 6.35 மில்லிமீட்டர். கோயில் திருவிழா மேடையில் கிட்டாரையும் கீபோர்டையும் ஆம்ப்ளிஃபயரில் சொருகுகிறார்களே, அதே பின்தான். டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் அது 3.5 மில்லிமீட்டராக இளைத்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தது. அந்த முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு ஓட்டைகள் வைத்திருந்தார்கள்! உலகமெங்கும் 3.5 மில்லிமீட்டர் அளவே நிலைத்தது. 2007இல் வந்த முதல் ஐபோனிலும் இந்த ஓட்டை உண்டு. ஆனால் அதை உள்ளே தள்ளிப் புதைத்து வைத்ததால் பல ஹெட்செட்கள் அதில் நுழையவில்லை.

இனி ஹெட்செட் பின்னைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத்தின் நடுவே மூன்று கறுப்புக் கோடுகள் தெரியும். அவை மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் வளையங்கள். அவை பிரிக்கும் நான்கு உலோகப் பகுதிகளுக்கும் தனித்தனி வேலை. நுனி இடது காதுக்கு. அடுத்தது வலது காதுக்கு. மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி. மெக்கானிக்குகள் கிரவுண்டு என்பார்கள். நான்காவது மைக். கோடு இரண்டுதான் என்றால் அந்த ஹெட்செட்டில் மைக் இல்லை, பாட்டு மட்டும்தான் கேட்கலாம். ஓட்டைக்குள் இந்தப் பகுதிகளைத் தொடும்படி மெல்லிய வளைந்த தகடுகள் இருக்கின்றன. பின் நுழையும்போது அவை விலகி, பிறகு கடித்துப் பிடித்துக்கொள்ளும். 'டக்' என்று கையில் உணர்கிறோமே, அது ஒரு தகடு பின்னின் நுனியில் உள்ள பள்ளத்தில் விழும் சத்தம். இன்னொரு தகடு, பின் உள்ளே வந்துவிட்டதைப் போனுக்குச் சொல்லும் சுவிட்ச். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் போன் ஹெட்போன் படத்தைக் காட்டிக்கொண்டு ஸ்பீக்கரில் பாடாமல் அடம்பிடித்தால், அந்தத் தகட்டில் பஞ்சோ ஈரமோ சேர்ந்திருக்கும் என்று சந்தேகிக்கலாம்.

மைக்குக்கு ஒரே ஒயர்தான். ஆனால் அதே ஒயரில் பட்டன்களின் உத்தரவும் போகிறது. நடுப் பட்டனை அழுத்தினால் மைக் ஒயர் நேராகக் கிரவுண்டைத் தொடும்; போன் அதைப் 'பாட்டை நிறுத்து' என்று புரிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு முறையில் சத்தம் கூட்டும் பட்டன் 240 ஓம் மின்தடை வழியாகவும், குறைக்கும் பட்டன் 470 ஓம் வழியாகவும் தொடும். எவ்வளவு தடை என்று அளந்தே எந்தப் பட்டன் என்பதைப் போன் கண்டுபிடிக்கிறது. சிப் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. காசு பெறாத இரண்டு ரெசிஸ்டர்தான்.

ஒரு குறும்புக் கோளாறும் இதற்குள் உண்டு. பலரும் அனுபவித்திருப்பார்கள்: பழைய ஹெட்செட்டைப் புதுப் போனில் போட்டால் இளையராஜாவின் வயலின்கள் கேட்கும், தபேலா கேட்கும், எஸ்.பி.பி. மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். விட்டால் மறுபடி கிணறு. ஒரு காலத்தில் மூன்றாவது, நான்காவது பகுதிகளில் எது கிரவுண்டு, எது மைக் என்பதில் நிறுவனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. கட்சி மாறிய பின்னைச் சொருகினால் கிரவுண்டு இணைப்பு அறுந்துபோகும். அப்போது இடது, வலது ஸ்பீக்கர்கள் ஒரே தொடரில் சேர்ந்துவிடும். இரண்டு பக்கத்து ஒலிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். வாத்தியங்களை இடம் வலமாகப் பிரித்து வைக்கும் ஒலிப்பதிவாளர்கள் பாடகரின் குரலை வழக்கமாக நட்டநடுவில், இரு பக்கமும் சம அளவில் வைப்பார்கள். சமத்தைச் சமத்திலிருந்து கழித்தால் மிச்சம் என்ன? அதனால்தான் பாடகர் காணாமல் போகிறார். பட்டனை அழுத்தும்போது மைக்கும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்வதால் அறுந்த வழி தற்காலிகமாகக் கூடிவிடுகிறது. பின்னை முழுதாகச் சொருகாவிட்டாலும் இதே கதை நடக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த ஒயரின் முக்கியமான வேலை ஒன்று பாக்கி. அது ஏரியல்.

கொடைக்கானலிலிருந்து கோடைப் பண்பலை ஒலிபரப்புவது 100.5 மெகாஹெர்ட்ஸில். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அதைப் பிடிக்க நல்ல ஏரியல் அந்த நீளத்தில் கால்பங்காவது, அதாவது முக்கால் மீட்டராவது இருக்க வேண்டும். போனுக்குள் அதற்கு இடமேது? ஹெட்செட் ஒயர் மீட்டருக்கும் மேலே தொங்குகிறது. அதன் கிரவுண்டு கம்பியையே ஏரியலாக்கிவிட்டார்கள். ரேடியோ அலை உள்ளே வருவதும் பாட்டு வெளியே போவதும் ஒரே கம்பியில். அதிர்வெண் வேறு வேறு என்பதால் ஒரு சின்னச் சுருள் இரண்டையும் பிரித்துவிடும். ஹெட்செட் சொருகாமல் எஃப்.எம். திறந்தால் 'ஹெட்செட்டை இணைக்கவும்' என்று பல போன்கள் சொல்வது இதனால்தான்.

நத்தத்துக்காரருக்கு இது கூடுதல் முக்கியம். கொடைக்கானல் மேற்கே இருக்கிறது, நத்தம் கிழக்கே. இரண்டுக்கும் நேர்கோடு இழுத்தால் குறுக்கே சிறுமலை. பண்பலை அலை பெரும்பாலும் கண் பார்க்கும் திசையில்தான் போகும். மலை மறித்தால் விளிம்பில் கொஞ்சம் வளைந்து, வலுவிழந்துதான் அடிவாரத்தில் இறங்கும். அப்படி மெலிந்து வருவதைப் பிடிக்கப் போதிய நீளமுள்ள ஏரியல் இன்னும் அவசியம். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, கையை உயர்த்தி, ஜன்னல் பக்கம் நகர்ந்து இரைச்சலைக் குறைக்கும் அந்த நாட்டியம் முழுக்க முழுக்க இயற்பியல்.

சரி, இத்தனை வேலை செய்கிற ஓட்டையை ஏன் எடுத்தார்கள்? 2012இலேயே ஓப்போ ஒரு மெல்லிய போனில் எடுத்துப் பார்த்தது. உலகம் திரும்பிப் பார்த்தது 2016 செப்டம்பர் 7ஆம் தேதி, ஆப்பிள் ஐபோன் 7ஐ அறிமுகம் செய்தபோது. அந்த முடிவுக்குத் துணிச்சல் என்று பெயர் சொன்னார் நிறுவனத்தின் ஃபில் ஷில்லர். இடம் மிச்சம், தண்ணீர் புகாது, போன் மெலியும் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இடம் மிச்சம் என்பது உண்மை. பின்னின் நீளமே சுமார் 14 மில்லிமீட்டர். பேட்டரிக்கும் கேமராவுக்கும் அடிதடி நடக்கிற பெட்டிக்குள் அது பெரிய காலி மனை. மற்ற இரண்டையும் நான் ஏற்கவில்லை. அதே 2016இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7 ஓட்டையோடுதான் தண்ணீரைத் தாங்கியது. 2014இல் விவோ 4.75 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு போன் செய்து அதிலும் ஓட்டை வைத்தது. ஆப்பிள் ஓட்டையை அடைத்த அதே மேடையில், ஒயரில்லாத ஏர்பாட்ஸ் விற்பனைப் பொருளாக அறிமுகமானதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். பிறகு கேலி செய்தவர்களும் ஒவ்வொருவராக அதே வழிக்கு வந்தார்கள்.

ப்ளூடூத்தைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. பைக்கை ஸ்டாண்டு போடும்போது ஒயர் மாட்டி இழுபடுவது, பையிலிருந்து சிக்கலாக வெளியே வருவது, சமையலறையில் கதவுக் கைப்பிடியில் மாட்டிக் காதோடு பிடுங்குவது எல்லாம் ஒயரின் பாவக்கணக்கு. ஆனால் ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்க நேரம் பிடிக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகலாம். பாட்டுக்கு அது தெரியாது. துப்பாக்கி கேம் ஆடும் பையனுக்குத் தெரியும். சுட்ட பிறகு சத்தம் கேட்டு என்ன பயன்? போனில் கீபோர்டு வாசித்துப் பழகுபவருக்கும் தெரியும். தவிர, இயர்பட்ஸுக்குள் இருக்கும் சிறு லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறிய பின் தளரும். அதை மாற்றித் தருகிறவர் அபூர்வம்.

ஒயர் ஹெட்செட்டைச் சரிசெய்ய ஆள் உண்டு. "ஒரு பக்கம் கேக்கல" என்று வருவதில் பெரும்பாலானவை பின்னின் கழுத்தில் ஒயர் மடங்கி மடங்கி அறுந்தவை. அங்கே வெட்டி, புதுப் பின் வைத்து சோல்டரிங் செய்தால் தீர்ந்தது. ஒரே ஒரு நுட்பம்: உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை இழைகள் வெறும் செம்பு மாதிரி தெரிந்தாலும் அவற்றின் நிறமே மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சு. தீக்குச்சியிலோ சூடான சோல்டரிங் முனையிலோ அதைப் பொசுக்கி எடுக்காமல் ஒட்டினால் எத்தனை முறை வைத்தாலும் கேட்காது. வீட்டில் முயன்று தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

ஓட்டை இல்லாத போனை வாங்கிவிட்டவர்கள் டைப்-சி கன்வர்ட்டர் வாங்கலாம். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அந்தச் சின்ன வாலில் இரண்டு ஜாதி. ஒன்றில் வெறும் ஒயர். போனே ஒலி மின்சாரத்தை டைப்-சி வழியாக அனுப்பினால்தான் பாடும், பல போன்கள் அனுப்புவதில்லை. மற்றதில் எண்களை ஒலியாக மாற்றும் சிப் இருக்கும். விலை கொஞ்சம் கூடும், பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். கடையிலேயே சொந்தப் போனில் சொருகிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

எஃப்.எம். மட்டும் கன்வர்ட்டரால் திரும்பி வருவது உறுதியில்லை. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் உள்ள எஃப்.எம். வசதியை முடக்காமல் திறந்து வைக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. புயல் வெள்ளக் காலத்தில் மக்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காரணம் நமக்குப் புரியாததல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே திண்டுக்கல் பக்கமாக நகர்ந்தது. டெல்டாவில் கரண்டும் டவரும் சாய்ந்த ஊர்களில் இணையம் எதற்கும் உதவவில்லை. ஆனால் சிப்பைத் திறந்து வைத்தால் மட்டும் ரேடியோ பாடாது, ஏரியலும் வேண்டும். சில பட்டன் போன்களில் ஏரியலை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். சிறுமலைக்குக் கிழக்கே அது எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதை வாங்குமுன் கடை வாசலில் நின்று 100.5 வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.