மொட்டை மாடியில் ஒரு கம்பி வளையம்

ஹாம் ரேடியோ என்றதுமே, "அதுக்குப் பெரிய டவர் வேணுமே, சாங்வி ஃபிளாட்டில் நடக்கிற காரியமா?" என்று கேட்கிறார்கள் நம்மவர்கள். டவர் வேண்டாம். 22 மீட்டர் செப்புக் கம்பியும் உயரமான மூங்கிலும் இருந்தால் போதும்.

முழு அலை வளையத்தின் கணக்கு சுலபம். 306-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் வரும். 14.15 மெகாஹெர்ட்ஸுக்கு 21.6 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 7.2 மீட்டராக ஒரு முக்கோணம். ஒரு மூலையை மூங்கில் உச்சியிலும், மற்ற இரண்டை நைலான் கயிற்றாலும் இழுத்துக் கட்டுங்கள்.

வளையத்தின் மின்மறுப்பு சுமார் 110 ஓம். நம் செட்டுக்கோ 50 ஓம். இடையில் 75 ஓம் கேபிள் 3.5 மீட்டர் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். (ஃபோம் வைத்த டி.வி. கேபிளுக்கு இந்த நீளம் பொருந்தாது.) கம்பியைச் சற்று நீளமாகவே வெட்டி, பிறகு குறையுங்கள்.

மின்கம்பிப் பக்கம் போகவே கூடாது. இடி மழைக்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேசுவதற்கு மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயம்.

இது வெறும் பொழுதுபோக்கா? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசிகள் அடங்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவின் ஹாம் ரேடியோ, தவித்த குடும்பங்களுக்குச் சேதி சொன்னது.