காமா லினோலெனிக் அமிலமும் நமது எள்ளும்

எண்ணெய் வித்துக்களிலுள்ள கொழுப்பு, தேகத்துக்கு உஷ்ணமும் பலமும் தருவதற்கு மட்டும் பயன்படுவதன்று. 1929-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதிகள், கொழுப்பை அடியோடு நீக்கிய ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். எலிகளின் தோல் வறண்டு செதிலுதிர்ந்தது, வளர்ச்சி குன்றிற்று. லினோலெயிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் இக்குறைகள் நீங்குமென்று அடுத்த வருஷம் வெளியிட்டனர். இவ்வமிலத்தைத் தேகம் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவின் மூலமாகவே பெறவேண்டும்.

அவ்வாறு பெற்றதில் ஒரு சிறு பாகத்தைத் தேகம் காமா லினோலெனிக் அமிலமாக மாற்றிக்கொள்ளுகிறது. இதனின்று உண்டாகும் வஸ்துக்கள் அழற்சியையும் இரத்தம் உறைவதையும் ஒழுங்குபடுத்துவதில் பங்கு கொள்ளுகின்றன. தாய்ப்பாலிலும் இது சொற்பமாக உண்டு.

ஈவ்னிங் பிரிம்ரோஸ், போரேஜ் என்னும் மேனாட்டுச் செடிகளின் விதை எண்ணெயில் இவ்வமிலம் நேராகவே இருக்கிறது. முந்தியதில் 100-க்குச் சுமார் 9 பங்கும், பிந்தியதில் 20-க்கு மேலும் காணலாம். ஆகையால் இவ்வெண்ணெய்களைக் குளிகைகளில் அடைத்து, கரப்பான் முதலிய நோய்களுக்கென்று விற்கின்றனர். ஆனால் பிரிட்டனில் இதற்கு மருந்தாக அளித்திருந்த அனுமதி 2002-ல் ரத்து செய்யப்பட்டது. பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2013-ல் வெளிவந்த முடிவும், கரப்பானுக்கு இவ்வெண்ணெய்களால் பயனில்லை என்பதே. எனவே குழந்தையின் கரப்பானுக்கு வைத்தியரிடம் காட்டாமல் குளிகையில் பணத்தைப் போடுவது, பொருளுக்கும் நோயாளிக்கும் ஒருங்கே நஷ்டமாகும்.

நமக்கு வேண்டியது மூலப்பொருளாகிய லினோலெயிக் அமிலமே. 100 பங்கு எண்ணெயில் அது சுமாராக அமைந்திருக்கும் அளவு வருமாறு:

குசும்பா எண்ணெய் – 75
நல்லெண்ணெய் – 40
நிலக்கடலை எண்ணெய் – 30
தேங்காய் எண்ணெய் – 2

நாளொன்றுக்கு 2000 காலரி உணவு உண்பவருக்கு இவ்வமிலம் குறைந்தது 5½ கிராம் வேண்டும். 14 கிராம் நல்லெண்ணெய், அதாவது மூன்று தேக்கரண்டி, இதற்குப் போதுமானது.

ஆதலின், எள் பயிரிடுவோர் விளைந்ததை முழுவதும் விற்றுவிடாமல், வீட்டுச் செலவுக்கு வேண்டியதை நிறுத்திக்கொள்வது நலம். எள்ளை நன்றாய் உலர்த்தியபின் ஆட்டவேண்டும். எண்ணெயை ஈரமற்ற பாத்திரத்தில் இட்டு மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். இவ்வமிலம் காற்றும் உஷ்ணமும் பட்டால் கெடக்கூடியது. ஆகையால் பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயங்களைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லுவார்களாயின், வீண்செலவு குறைவதோடு ஆரோக்கியமும் விருத்தியாகும்.